கல்லுக்குள் ஒளிந்த காவி

மட்டாஞ்சேரி அரண்மனையை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். கோபுரம் இல்லை. பளிங்குப் படிக்கட்டு இல்லை. வெள்ளையடித்த சுவர், சரிந்த ஓட்டுக்கூரை, நடுவே முற்றம், முற்றத்தில் பழயன்னூர் பகவதி கோயில். வசதியான ஒரு பெரிய வீடு என்று சொன்னால் நம்பிவிடலாம். சுமார் 1555-இல் போர்ச்சுகீசியர்கள் இதைக் கட்டி கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். அதனால் கட்டிய போர்ச்சுகீசியர்களின் பெயர் மறைந்து 'டச்சு அரண்மனை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஏமாற்றம் பள்ளியறை வாசல் வரைதான். மன்னரின் அந்தப் படுக்கையறைச் சுவர்களில் தசரதனின் யாகம் தொடங்கி ராமன் இலங்கையிலிருந்து திரும்புவது வரை ராமாயணம் விரிகிறது. ஏறத்தாழ 48 காட்சிகள். இடைவெளி விடாமல் ஒருவர் தோளில் இன்னொருவர் முகம் என்று நெருக்கியடித்து நிற்கும் உருவங்கள். எல்லாவற்றின் மீதும் படர்ந்திருக்கிறது ஒரு சிவப்பு. குங்குமச் சிவப்பு அல்ல. மழை நின்றதும் தெருவோரம் ஓடுகிற செம்மண் தண்ணீரின் சிவப்பு.

அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'இயற்கை வண்ணம்' என்ற பதில் உடனே கிடைக்கும். சோப்பு விளம்பரங்களில் புழங்கித் தேய்ந்த சொல் அது. சரியான பதில் இன்னும் எளிமையானது: கல்லிலிருந்து வந்தது. சுவரில் இருப்பது கல்லின் மேல் பூசிய வண்ணம் மட்டுமல்ல. வண்ணமே கல்தான்.

இதை இப்போது நினைவுபடுத்த ஒரு காரணம் இருக்கிறது. கல்லில் படம் வரைவது வீட்டுப் பொழுதுபோக்காகப் பரவி வருகிறது. வழவழப்பான ஒரு கூழாங்கல், சில வண்ணக் குப்பிகள், ஒரு தூரிகை. பிள்ளைகள் கல்லை மீனாக்குகிறார்கள், ஆந்தையாக்குகிறார்கள், வண்டாக்குகிறார்கள். அம்மா அதில் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோலம் வைக்கிறார். 2015-இல் அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் மெகன் மர்ஃபி என்ற பெண் கற்களில் ஆறுதல் வாசகங்களை எழுதி, வருகிறவர்கள் எடுத்துப் போகட்டும் என்று விட்டுச் சென்றார். அது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு பள்ளிகளை மூடியபோது, வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்களுக்குக் கல்லும் தூரிகையும் பல நாடுகளில் கைகொடுத்தன.

நல்ல பொழுதுபோக்கு. செலவு குறைவு, வயது வரம்பு இல்லை, தாத்தாவும் பேத்தியும் ஒரே மேஜையில் உட்காரலாம். ஆனால் பெட்டியாகக் கடையில் விற்கும் வடிவத்தில் அது வீட்டுக்குள் வரும்போது மூன்று கேள்விகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கல் எங்கிருந்து வந்தது? நிறம் எங்கிருந்து வந்தது? வரைந்து முடித்த கல் எங்கே போகிறது? இந்த மூன்றையும் கேட்கிற பிள்ளை ஒரு கைத்தொழிலைக் கற்கிறது. கேட்காத பிள்ளை ஒரு மத்தியான வேளையைக் கழிக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்க மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

முதல் கேள்வி, கல். வேடிக்கை என்னவென்றால் மட்டாஞ்சேரி கல் விளையும் ஊர் அல்ல. காயலும் கடலும் கொண்டு வந்து சேர்த்த மணலும் சேறும்தான் அதன் நிலம். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஆகவே ஊரில் உள்ள கல்லெல்லாம் வெளியிலிருந்து படகிலும் வண்டியிலும் வந்து சேர்ந்தவை. அவற்றில் முக்கியமானது செம்புறாங்கல். மலையாளத்தில் வெட்டுக்கல். வெட்டி எடுக்கும்போது கோடரிக்கு இணங்கும் அளவு மென்மையாக இருக்கும். காற்றுப்பட்டு உலர உலர இறுகும். செங்கல்லைப் போலச் சதுரமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பலாம். கேரளத்தின் வீடுகளையும் கோயில்களையும் தாங்கி நிற்பது பெரும்பாலும் இதுதான்.

உலகம் முழுக்க இந்தக் கல்லுக்கு வழங்கும் 'லாட்டரைட்' என்ற பெயரே கேரளத்தில் பிறந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன், இன்றைய மலப்புறம் மாவட்டத்தின் அங்காடிப்புறத்தில் இந்தக் கல்லை வெட்டுவதைக் கண்டார். 1807-இல் வெளியான தம் நூலில் செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார். அங்காடிப்புறத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நினைவுக் கல் நாட்டியிருக்கிறது.

வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நிலத்தில் தண்ணீர் பாறையின் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டு போய்விடுகிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. தங்கிய இரும்பு துருப்பிடிக்கிறது. அந்தத் துருதான் செம்புறாங்கல்லின் நிறம். ஒரே கல்லில் சிவப்புத் திட்டும் மஞ்சள் திட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். சிவப்பு, நீர் சேராத இரும்பு ஆக்சைடு. மஞ்சள், நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஆக்சைடு. மஞ்சள் பொடியைச் சூடாக்கினால் நீர் வெளியேறிச் சிவப்பாகிவிடும். ஓவியனுக்கு இரண்டு நிறங்களை ஒரே கல் கொடுத்துவிடுகிறது.

பெட்டியில் வரும் கூழாங்கல்லுக்கு இந்த வரலாறு இல்லை. அது ஏதோ ஓர் ஆற்றுப்படுகையிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ வந்திருக்கலாம், அல்லது இயந்திரத்தில் உருட்டி வழவழப்பாக்கியதாக இருக்கலாம். கேரளம் தன் ஆறுகளை மணல் லாரிகளிடமிருந்து காப்பாற்ற 2001-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் எடுக்கும் பத்துக் கல்லால் ஆறு வற்றிவிடாதுதான். ஆனால் விடுமுறைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பை நிறைய அள்ளி வந்தால் கரை தாங்காது. அள்ளவே வேண்டாம். பழைய கட்டடம் இடிக்கும் இடத்தில் கேட்டால் உடைந்த செம்புறாங்கல்லும் ஓட்டுத் துண்டும் கிடைக்கும். வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி, உடைந்த கடப்பைக் கல், மொசைக் துண்டு எதுவும் ஆகும். வழவழப்பு வேண்டுமானால் இரண்டு கற்களைத் தண்ணீர் விட்டு ஒன்றோடொன்று தேய்க்கலாம். ஆறு பல நூறு ஆண்டுகள் செய்த வேலையின் கஷ்டம் கால் மணி நேரத்தில் கைக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, நிறம். மட்டாஞ்சேரிச் சுவர் ஒரு சமையலறையின் வேலை போலவே தொடங்குகிறது. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேரும். அடுத்த பூச்சில் பஞ்சு சேரும். கடைசியில் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை மெல்லிசாக 25, 30 முறை பூசுவார்கள். சுவர் உலர்ந்த பிறகே வரையத் தொடங்குவார்கள். அரண்மனையின் கறுப்புத் தரையும் அப்படித்தான். மெருகேற்றிய கருங்கல் போலத் தெரிகிறது. உண்மையில் அது எரித்த கொட்டாங்கச்சி, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றின் கலவை.

கேரளச் சுவரோவியத்தில் அடிப்படை நிறங்கள் ஐந்து. சிவப்பும் மஞ்சளும் செம்புறாங்கல்லிலிருந்து. பச்சை, அவுரி இலையின் சாற்றோடு ஒரு வகை மரப்பிசினின் மஞ்சளைச் சேர்த்துக் கிடைப்பது. கறுப்பு, எண்ணெய் விளக்கின் மேல் மண்பானையைக் கவிழ்த்துச் சேகரித்த கரி. வெள்ளைக்குத் தனி வண்ணம் கிடையாது. பூசாமல் விட்ட சுண்ணாம்புச் சுவரே வெள்ளை. நிறத்தைச் சுவரோடு பிடித்து வைப்பது வேப்பம்பிசின். புல்லிலும் தாழை விழுதிலும் செய்தவை தூரிகைகள். கோட்டுருவம் போடுவதிலிருந்து கடைசிக் கறுப்புக் கோடு, இறுதி மெருகு வரை ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

கல்லிலிருந்து நிறம் எடுப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பொறுமைதான் வேண்டும். செம்புறாங்கல்லின் சிவந்த பகுதியைத் தட்டிப் பொடித்து, அம்மியிலோ கல்லுரலிலோ அரைத்து, நிறையத் தண்ணீரில் கலக்க வேண்டும். மணல் சில நொடிகளில் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் இறுத்து ஓர் இரவு அசையாமல் வைத்தால் மாவு போன்ற வண்டல் படியும். மறுபடி கலக்கி, மறுபடி இறுத்து, மூன்று நான்கு முறை செய்தால் விரல்களுக்கிடையே நரநரப்பே தெரியாத வண்ணம் மிஞ்சும். வெயிலில் காயவைத்துப் பொடித்துக் குப்பியில் போட்டுக் கொள்ளலாம். ஒரு கிலோ கல்லில் ஒரு பிடி கிடைத்தால் அதிகம். அந்த ஒரு பிடி பள்ளியறைச் சுவரின் பரப்பளவை வேறு கண்ணோடு பார்க்க வைக்கும்.

பொடியைக் குழைக்க, முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிய வேப்பம்பிசின் போதும். கிடைக்காவிட்டால் கருவேலம்பிசின். பிசின் குறைந்தால் காய்ந்ததும் வண்ணம் கையில் ஒட்டும். கூடினால் வெடித்து உரியும். ஒரு சிறு கல்லில் பூசிப் பார்த்து அளவைத் தெரிந்து கொள்வதுதான் வழி. மஞ்சள் பொடி கிடைத்தால், பெரியவர்கள் யாராவது அதில் ஒரு கரண்டியைப் பழைய இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேறும்வரை வறுத்துக் காட்டலாம். மஞ்சள் மெல்லச் சிவக்கும். வேதியியல் பாடத்தை இவ்வளவு மலிவாக எந்தப் பள்ளியும் நடத்துவதில்லை.

இதெல்லாம் தமிழ் வீடுகளுக்கு அந்நியமான சங்கதியும் அல்ல. மாக்கோலத்துக்குக் கரை கட்டும் காவி இதே இரும்புதான். கோயில் மதிலின் சிவப்புப் பட்டையும் அதுதான். ஆயுத பூஜை அன்று அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்காத வீடு உண்டா? வேப்பமரத்தடியில் கிடந்த கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த நாளிலிருந்து அது கல்லாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. கல்லுக்கு நிறம் கொடுப்பது இங்கே பொழுதுபோக்காகும் முன்பே பழக்கமாக இருந்தது.

மனித குலத்துக்கே அது மிகப் பழைய பழக்கம். பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரத்தில் மாஸ் தஸீல் என்ற குகையில், 1880-களின் இறுதியில் எத்வார் பியெத் என்ற ஆய்வாளர் வண்ணம் தீட்டிய கூழாங்கற்களைத் தோண்டியெடுத்தார். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. படம் எதுவும் இல்லை. புள்ளிகளும் கோடுகளும் மட்டும். அவை கணக்கா, விளையாட்டா, சடங்கா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். வண்ணத்தில் மட்டும் சந்தேகமில்லை. காவி. மட்டாஞ்சேரிப் பள்ளியறையின் அதே இரும்புச் சிவப்பு. அது வெளிச்சத்துக்கு மங்குவதில்லை. ஏற்கெனவே துருப்பிடித்த பொருள் இனி எதுவாக மாற வேண்டும்?

ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பழைய ஓவியர்களின் மேஜையில் இரண்டு அழகான கற்கள் இருந்தன. ஒன்று சாதிலிங்கம், ஒளிரும் சிவப்பு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. மற்றொன்று அரிதாரம், தங்க மஞ்சள். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. மலையாளத்தில் சாயில்யம், மனயோலை என்பார்கள். கதகளி ஒப்பனையிலும் இவை இடம்பெற்றன. மேடை ஒப்பனைக்குத் தமிழில் 'அரிதாரம்' என்ற பெயர் வந்ததே இந்த விஷக் கல்லால்தான். இரண்டும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாதவை. சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் ஆபத்து. வெள்ளைக்குச் சாக்கட்டியை அரைத்துக் கொண்டால் போதும்.

செயற்கை வண்ணங்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் நிறுத்தும் விதிகளை இந்தியா 2016-இல்தான் கொண்டு வந்தது. 2017 இறுதியில் அவை நடைமுறைக்கு வந்தன. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடித்து மிஞ்சிய பழைய எனாமல் டப்பா பரணில் கிடந்தால் அது கிடந்தபடியே இருக்கட்டும். பிள்ளைகள் கல்லில் வரைய அதை இறக்கிக் கொடுப்பது சிக்கனம் அல்ல.

அப்படியானால் சின்னப் பிள்ளைகள் எதைத் தொடலாம்? அதற்கும் கேரளம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பகவதிக்கும் நாகங்களுக்கும் அய்யப்பனுக்கும் தரையில் பொடிகளால் பெரிய உருவங்கள் வரையும் களமெழுத்துக் கலையில் ஐந்து நிறங்களுமே வீட்டிலும் தோட்டத்திலும் இருப்பவை. வெள்ளைக்கு அரிசி மாவு. மஞ்சளுக்கு மஞ்சள் பொடி. கறுப்புக்கு உமிக்கரி. பச்சைக்கு வாகை இலையை உலர்த்திப் பொடித்தது. சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சிவப்பதைப் பார்த்த எந்தத் தமிழருக்கும் இந்தக் கடைசி வித்தையை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பைக் கலக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பது உண்மை. களம் வரைகிறவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல. சடங்கின் முடிவில் மணிக்கணக்கில் வரைந்ததை அவர்களே அழித்துவிடுகிறார்கள். பொடி பிரசாதமாகிறது.

புள்ளுவர், குறுப்பு போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் கலை அது. அழித்துவிட்டாலும் மறுபடி வரையத் தெரிந்த கை வீட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அழிக்க முடிகிறது. சுவரோவியத்துக்கு அந்த நம்பிக்கை ஒரு கட்டத்தில் இல்லாமல் போனது. சுவர் பத்திரமாக இருந்தது. கைகள்தான் குறைந்துகொண்டே வந்தன. புதிய கோயில்களில் எனாமல் பெயின்ட் வந்தது. பழைய முறை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கினார்கள்.

1970 நவம்பர் 30-ஆம் தேதி குருவாயூர் கோயிலில் தீப்பிடித்தது. கருவறையின் வெளிச்சுவர்களில் மூன்று பக்கத்து ஓவியங்கள் அழிந்தன. திரும்ப வரைய வேண்டும் என்று முடிவானபோதுதான் யாரைக் கொண்டு வரைவது என்ற கேள்வி உறைத்தது. மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் என்ற முதிய ஓவியரின் தலைமையில் 1980-களின் பிற்பாதியில் அந்தச் சுவர்கள் மீண்டும் நிறம் பெற்றன. அதோடு நிறுத்தவில்லை. 1989-இல் குருவாயூர் தேவஸ்வம் சுவரோவியப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. இன்று கேரளம் முழுக்கச் சேலையிலும் கான்வாஸிலும் மண்பானையிலும் பாட்டிலிலும் காணும் சுவரோவிய பாணிக்குப் பின்னால் அந்த முடிவு இருக்கிறது. தீ விபத்து நடக்காதிருந்தால் அந்த நிலையம் தோன்றியிருக்குமா என்பது சங்கடமான கேள்வி. ஒரு கலை சுவரில் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியே அதன் கைகளை மறக்கச் செய்துவிடுகிறது.

மட்டாஞ்சேரி அரண்மனை 1951 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச் சின்னம். சுவரைத் தொடக் கூடாது. தொடவும் வேண்டாம். ஆனால் பாதுகாப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. சுவரைக் காப்பது அரசின் வேலை. கையைக் காப்பது வீட்டு மேஜையின் வேலை.

வீட்டு மேஜை என்பது ரத்த உறவு மட்டும்தானா? அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் யூதர் தெரு அதற்குப் பதில் சொல்கிறது. 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயத்தின் தரை முழுக்கச் சீனாவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த நீலநிற ஓடுகள். எல்லாம் கையால் தீட்டியவை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். அதே தெருவில் சாரா கோஹன் தம் வீட்டு முன்னறையில் ஓர் எம்ப்ராய்டரி கடை வைத்திருந்தார். சனிக்கிழமை ஓய்வுநாள் விருந்தில் ரொட்டியை மூடும் துணி, ஆண்கள் தலையில் வைக்கும் குல்லா எல்லாம் அவர் கைப்பட உருவானவை. இஸ்ரேல் உருவான பிறகு சமூகத்தார் பெரும்பாலோர் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். சாரா போகவில்லை. பிள்ளைகள் இல்லை. கணவரும் இறந்தார். சிறுவனாக அந்தத் தெருவில் வியாபாரம் செய்ய வந்த தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் இளைஞர் அவரிடம் வேலை கற்றுக்கொண்டு, கடைசிவரை மகனைப் போலப் பார்த்துக்கொண்டார். 2019 ஆகஸ்டில் சாரா தம் 96-ஆவது வயதில் காலமானார். கடையைத் தாஹா தொடர்ந்து நடத்தினார். ஒரு யூதக் குடும்பத்தின் தையல் ஒரு முஸ்லிமின் விரல்களில் தங்கியது. ஏனென்றால் பல ஆண்டுகள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கைவேலை கைமாறுவது இப்படித்தான். பாடமாக அல்ல, பக்கத்தில் உட்காருவதால். கல்லில் வரையும் ஞாயிற்றுக்கிழமைகளை அற்பமாக நினைக்கக் கூடாததற்குக் காரணமும் இதுதான். ஏழு வயதுப் பெண்ணுக்கு ஆந்தையின் கண் சரியாக வரவில்லை என்பது முக்கியமல்ல. பாட்டி கோலத்துக்குக் காவி கரைக்கும் பதம் அவளுக்குத் தெரிகிறதா, இரண்டாவது முறை இறுத்தால்தான் வண்டல் நன்றாகப் படியும் என்று அவளாகச் சொல்கிறாளா என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது கேள்வி, முடித்த கல் எங்கே போகும்? வெளிநாட்டு வழக்கத்தைப் பார்த்துக் கடற்கரையிலும் காட்டுப் பாதையிலும் வைத்துவிட்டு வருவது இங்கே வேண்டாம். அக்ரிலிக் என்பது காய்ந்தபின் மெல்லிய பிளாஸ்டிக் படலம். வெயிலிலும் மழையிலும் உரிந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் போகும். கல் எங்கிருந்து வந்ததோ அங்கே அது கல்லாகத்தான் திரும்ப வேண்டும். காவியும் பிசினும் பூசிய கல் மழையில் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் வைக்க ஏற்றது. காகிதம் பறக்காமல் இருக்க ஒன்று, பூந்தொட்டி அடியில் ஒன்று, கதவு அடிக்காமல் இருக்க ஒன்று. நவராத்திரி வந்தால் கொலுப்படிக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காவில் பாதையும் கிணறும் ஆடுமாடும் ஆகலாம். கேரளத்தில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் கொலுவில், கடையில் வாங்கிய பொம்மைகளுக்கு நடுவே கொச்சிச் செம்புறாங்கல்லில் ஒரு யானை நின்றால் அதைவிடப் பொருத்தமான குடியேற்றம் வேறில்லை.

சலித்துப் போனால் இன்னொரு வசதி. தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் போய்விடும். கல் மறுபடி கல்லாகும். தண்ணீரில் இறங்கிய காவியை மறுபடி படியவைத்து எடுக்கலாம். எந்தப் பெட்டியும் இப்படி ஒரு வாக்குறுதி தருவதில்லை.

பெட்டியே வேண்டாம் என்பதல்ல. ஆகாய நீலமும் கிளிப்பச்சையும் செம்புறாங்கல்லில் கிடைக்காது. அவை பிள்ளைகளுக்குப் பிடித்த நிறங்கள். ஒரு குப்பி அக்ரிலிக்கால் மரபு அழிந்துவிடாது. ஆனால் குப்பிகளின் வரிசையில் ஒன்றாவது அந்த வீட்டில் அரைத்ததாக இருக்கட்டும். மற்ற குப்பிகளுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கும் என்ற சந்தேகத்தை அந்த ஒரு குப்பி கிளப்பிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் 'இயற்கை' என்று எழுதி எதையும் விற்பது கடினம்.

அடுத்த விடுமுறையில் அந்தக் குடும்பம் மட்டாஞ்சேரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியறை வாசலில் மற்றவர்கள் ராமன் எங்கே, ராவணன் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நகக்கண்ணில் இன்னும் காவி போகாத பிள்ளை ஒன்று மட்டும் சுவரின் மிகப் பெரிய சிவப்பைப் பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை கல் அரைத்தார்கள் என்று கேட்கும்.